படுவான்கரையில் மண்கல் பழகிய பன்னிரண்டு நாட்கள்

ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு வாவிமேலுள்ள மண்முனைப் பாலத்தைக் கடந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கமாகப் போனால், வீதியை விட்டுச் சற்று உள்ளே, வயலோரமாக ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. சூழலுக்குத் தீங்கு குறைந்த முறையில் வீடு கட்டுவதற்கான பன்னிரண்டு நாள் பயிற்சியொன்றை அங்கே அண்மையில் முடித்தேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். நான் மேசன் வேலை செய்பவள். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளுக்குப் பிறகு எங்கள் கரையோரம் முழுவதும் வீடமைப்பு வேலைகள் நடந்த காலத்தில், கல் தூக்கவும் சாந்து குழைக்கவும் போய், மெல்ல மெல்லக் கரண்டி பிடிக்கப் பழகி, அன்றிலிருந்து இதே தொழிலில் இருக்கிறேன். தொழில் தெரிந்த ஒருவருக்கு இந்தப் பயிற்சி புதிதாக எதைத் தருகிறது என்பதையே முதன்மையாகப் பார்த்தேன்.

போனதற்குக் காரணம் சீமெந்து. 2022 இல் ஒரு மூடையின் விலை மூவாயிரம் ரூபாயைத் தொட்டபோது, என் கையிலிருந்த மூன்று வேலைகளும் அத்திவாரத்தோடு நின்றுபோயின. ஆற்று மணலுக்கும் அனுமதிப்பத்திரம், ஏற்றுக்கூலி என்று செலவு ஏறிக்கொண்டே போனது. மணல் தோண்டப்பட்ட ஆற்றங்கரைகள் மாரியில் இடிந்து விழுவதையும் நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். சுண்ணக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வரை சூடாக்கித்தான் சீமெந்தாக அரைக்கப்படும் கிளிங்கர் என்ற கட்டி செய்யப்படுகிறது. எரிபொருளிலிருந்து மட்டுமல்லாமல் வேகும் கல்லிலிருந்தே கரியமிலவாயு வெளியேறுகிறது. உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சீமெந்து உற்பத்தியால் வருவது என்பதை முதல்நாள் வகுப்பில்தான் அறிந்தேன். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் மூடைகளை வெட்டிக் கொட்டியிருப்பேன் என்ற எண்ணம் அன்று முழுவதும் மனத்தில் நின்றது.

பயிற்சியின் மையம் அழுத்து மண்கல். சலித்த மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சீமெந்து சேர்த்து, சிறிதளவு நீர் தெளித்துப் புட்டுமாப் பதத்தில் பிசறி, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்தி எடுக்கப்படும் கல் அது. இதற்குச் சூளையும் விறகும் தேவையில்லை. இந்தியாவில் ஓரோவில் மண் கட்டடக் கலை நிறுவனம் இதைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறது. இலங்கையிலும் இந்தக் கல்லுக்கென எஸ்.எல்.எஸ். 1382 என்ற தரநிர்ணயம் 2009 இலேயே வந்துவிட்டது. எனக்கு அது தெரியாமல் இருந்தது மட்டுமன்றி, என்னோடு வேலை செய்யும் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த முதல் மூன்று நாட்களே இந்தப் பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி என்பேன். கண்ணாடிப் போத்தலில் கால் பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் விட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்தால், பருமணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும். அதற்குமேல் வண்டல் அரை மணித்தியாலத்தில் படியும். களி மறுநாள் காலை வரை தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். படைகளை அடிமட்டத்தால் அளந்தால் மண்ணின் சேர்மானம் ஓரளவு தெரிந்துவிடும். சீமெந்து சேர்த்துச் செய்யும் கல்லுக்குப் பொருத்தமான மண்ணில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு சரளை, ஐம்பது பங்கு மணல், பதினைந்து பங்கு வண்டல், இருபது பங்கு களி இருக்கவேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். வந்திருந்த பதினெட்டுப் பேரும் தங்கள் வளவு மண்ணைக் கொண்டுவரும்படி முன்கூட்டியே கேட்கப்பட்டிருக்கவேண்டும். எவரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மாலை வீட்டுக்குப் போய் ஒரு பை மண் அள்ளி வந்தேன்.

அந்தப் பையிலிருந்து நான் கற்றது, வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமான எழுவான்கரையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியவேண்டிய ஒன்று. எங்கள் கரையோர மண் போத்தலில் ஒரு நிமிடத்திலேயே முழுவதும் படிந்துவிட்டது. மேலே தெளிந்த தண்ணீர்தான் நின்றது. அதாவது அது வெறும் மணல், கல்லாகப் பிடித்து நிற்பதற்கு அதில் களியே இல்லை. வாவியோர மண்ணில் களி இருந்தாலும் உப்பும் சேர்ந்தே இருக்கிறது, அந்த உப்பு பிற்காலத்தில் சுவரில் வெண்மையாகப் பூத்துக் கல்லின் முகத்தை உதிர்க்கும். வயலின் கரிய மண்ணோ காயும்போது சுருங்கி வெடிக்கும். பொருத்தமான கிறவல் கலந்த செம்மண் மேற்கே உள்ளுக்குப் போனால்தான் கிடைக்கிறது. அங்கிருந்து டிப்பரில் ஏற்றிக் கரையோரத்துக்குக் கொண்டுவந்தால், செலவிலும் சூழல் நன்மையிலும் ஒரு பகுதி டீசலோடு போய்விடுகிறது. இதைப் பயிற்றுநர் மறைக்கவில்லை. 'மண்கல் எல்லா இடத்துக்கும் மருந்தில்ல' என்று அவரே சொன்னார். ஆனால் எழுவான்கரையில் வேலை செய்பவர்கள் அதற்குப் பதிலாக எதைச் செய்யலாம் என்ற பாடம் இந்தப் பன்னிரண்டு நாட்களில் இல்லை. செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையில் கல் ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தைந்து மிச்சமாகும். கட்டடக் கலைஞர் லோரி பேக்கர் கேரளத்தில் பெருமளவில் கட்டிக் காட்டிய இந்த முறைக்கு ஒரு நாளாவது ஒதுக்கியிருந்தால், எங்களில் பாதிப் பேருக்கு அதுவே அதிகம் பயன்பட்டிருக்கும்.

நான்காம் நாளிலிருந்து இயந்திரம். ஈரம் சரியா என்று அறிய, பிசறிய மண்ணை உள்ளங்கையில் இறுக்கி உருண்டையாக்கி, மார்பளவு உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விடவேண்டும். நான்கைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி, தட்டையாக அப்பிக்கொண்டால் நீர் கூடிவிட்டது, தூளாகச் சிதறினால் நீர் போதாது. சாந்து குழைத்துப் பழகிய கைக்கு இந்த மண் மிகவும் காய்ந்ததாகத் தோன்றும். என் முதல் பத்துக் கற்களும் அதனால்தான் கெட்டன. பழக்கதோஷத்தில் ஒரு சிரட்டைத் தண்ணீர் கூடுதலாகத் தெளித்துவிட்டேன். அச்சை நிரப்பும்போது நான்கு மூலைகளிலும் விரல் நுனியால் மண்ணை அமர்த்திவிட்டுத்தான் மூடியைப் போடவேண்டும், இல்லாவிட்டால் மூலைகள் பொருபொருவென்று உதிரும். பிறகு இருவர் நீண்ட பிடியைத் தொங்குவதுபோல் இழுக்க, உள்ளே மண் இறுகும் சத்தம் கேட்கும். மூடியைத் திறந்து கல்லை மேலே தள்ளியதும் அதைத் தூக்குவதே ஒரு கலை. விளிம்பில் விரல் படாமல், இரண்டு உள்ளங்கைகளையும் பக்கங்களில் தட்டையாக வைத்து, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் தூக்கி, நேர் கீழாக இறக்கிவைக்க வேண்டும். சரிவாக வைத்தால் அடிவிளிம்பு நசுங்கும், நசுங்கிய விளிம்பைத் திருத்த முடியாது. ஆறு பேர் சேர்ந்து முதல்நாள் தொண்ணூறு கல் எடுத்தோம், ஏழாம் நாளில் முந்நூற்று இருபது எடுத்தோம். என் தோள்பட்டை அந்த வாரம் முழுவதும் நொந்தது.

கல்லை எடுத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. நாங்கள் போனது, மேற்கிலிருந்து காய்ந்த கச்சான் காற்று வீசும் காலம். அந்தக் காற்றில் வெளியே வைத்த கல் மாலைக்குள் மேற்பரப்பு வெளுத்து, தொட்டால் தூசி உதிரும் நிலைக்கு வந்துவிடுகிறது. உள்ளேயிருக்கும் சீமெந்துக்கு இறுகத் தேவையான நீரைக் காற்று உறிஞ்சிவிடுகிறது. அதனால் எடுத்தவுடனேயே பொலித்தீனால் மூடி, இரண்டு நாட்களுக்குப் பின் கற்களை அடுக்கி, நனைத்த சாக்குகளால் போர்த்தி, நான்கு கிழமைகள் ஈரம் காயாமல் காக்கவேண்டும். இதைப் பயிற்றுநர் ஒவ்வொரு நாளும் திருப்பித் திருப்பிச் சொன்னது எங்களுக்கு அலுத்துப்போனாலும், சொன்னதில் நியாயம் இருந்தது. ஒன்பதாம் நாளில் நனைக்காமல் விட்ட ஒரு கல்லையும் நனைத்து வைத்த ஒரு கல்லையும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்துக் காட்டினார்கள். முதலாவதின் மூலை விரலோடு வந்தது.

செலவைப் பற்றி வகுப்பில் சொன்ன கணக்கு எனக்கு முழுத் திருப்தி தரவில்லை என்பதால், நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். 290 மில்லிமீற்றர் நீளமும் 140 அகலமும் 90 உயரமும் கொண்ட ஒரு மண்கல் ஏறத்தாழ ஏழு கிலோ வரும், ஐந்து வீதச் சீமெந்து என்றால் ஐம்பது கிலோ மூடைக்கு நூற்று நாற்பது கல் அளவில் கிடைக்கும். சுவரில் ஒரு சதுர மீற்றருக்கு முப்பத்துமூன்று கல் தேவை. ஆக, ஒரு மூடை ஏறத்தாழ நான்கு சதுர மீற்றர் சுவருக்குப் போதும். நாங்கள் வழமையாக அரியும் நான்கங்குலச் சீமெந்துக் கல்லில் மூடைக்கு நாற்பது கல் என்று வைத்தால், அதே மூடை மூன்று சதுர மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். வித்தியாசம் பெரிதில்லை. கல்லிலேயே சீமெந்து பாதியாகக் குறையும் என்று வகுப்பில் சொல்லப்பட்டது ஆறங்குலச் சுவரோடு ஒப்பிட்டால்தான் பொருந்தும். உண்மையான மிச்சம் பூச்சில் இருக்கிறது. நன்றாகக் கட்டிய மண்கல் சுவருக்கு உள்ளும் புறமும் பூசத் தேவையில்லை, பூச்சுக்குப் போகும் சீமெந்தும் ஆற்று மணலும் அப்படியே மிஞ்சுகின்றன. இதை முதன்மையாகச் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். ஏனென்றால் வீட்டுக்காரர் கடைசியில், 'பூசாத வீடு வீடா?' என்று கேட்டுப் பூசச் சொல்லிவிட்டால், இத்தனை பாடுபட்டதன் பயன் பெரும்பகுதி போய்விடும்.

எங்கள் குழுவில் வயதில் மூத்த ஒரு மேசன் இருந்தார். ஐந்தாம் நாள் தேநீர் நேரத்தில், 'புள்ள, இது மாரிக்கு நிக்குமா?' என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியில் கம்பு வரிந்து மண் அப்பிய வரிச்சு மண்சுவர் வீடுகள் எப்படிப் போயின என்பதை அவர் சிறுவனாகப் பார்த்தவர். 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரை நாட்கணக்கில் நீரில் நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சீமெந்து சேர்த்த மண்கல் வெறும் மண்ணைப்போல் கரைந்துவிடாது என்பது உண்மை. ஆனால் முழுவதும் நனைந்த நிலையில் அதன் வலிமை ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பதும் உண்மை. ஆகவே அத்திவாரத்தைக் கருங்கல்லால் வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்த்துவது, அதற்குமேல் ஈரம் ஏறாதபடி தடுப்புப் படை போடுவது, கூரைத் தாழ்வாரத்தை அகலமாக நீட்டுவது, காற்றுக்குக் கூரை தூக்காதபடி சுவரோடு கம்பியால் பிணைப்பது ஆகிய நான்கும் எங்கள் மாவட்டத்தில் கல்லைவிட முக்கியமானவை. பயிற்சியில் இவற்றுக்குக் கிடைத்தது ஒரு பிற்பகல். மாதிரிச் சுவர் ஜன்னல் மட்டத்துக்குக்கூட உயரவில்லை. ஏழு வரிசையோடு நின்றது. மூத்தவரின் கேள்விக்கு நிலையம் முழுப் பதில் தரவில்லை என்பதே என் பெரிய மனக்குறை.

இன்னொன்றையும் நேராகச் சொல்லவேண்டும். சூழலுக்கு உகந்த கட்டடம் பற்றிப் பாடம் நடந்த அதே கொட்டகைக்கு அஸ்பெஸ்டஸ் தகடுதான் கூரை. எட்டாம் நாள், உடைந்த தகடொன்றை மாற்றுவதற்காக, நாங்கள் மண் சலித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிய தகட்டைக் கிரைண்டரால் வெட்டினார்கள். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப் பல காலமாகிறது, வெட்டும்போது கிளம்பும் தூசியே மிகவும் ஆபத்தானது. நான் எழுந்துபோய் நிறுத்தச் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள். மறுநாள் முகக்கவசம் தந்தார்கள். மண் சலிக்கும் வேலைக்கு அதை முதல்நாளே தந்திருக்கவேண்டும்.

சாப்பாடு நன்றாக இருந்தது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தது. பயணப்படி கொடுத்தார்கள், ஆனால் நாட்சம்பளத்தை இழந்து வருகிறவர்களுக்கு அது போதாது. முடிவில் தந்த சான்றிதழ் நிலையத்தின் சொந்தச் சான்றிதழ். தேசிய தொழில் தகைமையில் மேசன் வேலைக்கு மூன்றாம், நான்காம் மட்டங்கள் உண்டு, இந்தப் பயிற்சி அவற்றுள் எதனோடும் இணைக்கப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்கோ அரச ஒப்பந்தத்துக்கோ இதைக் காட்டலாம் என்று நினைத்து வரும் இளைஞர்கள் விண்ணப்பிக்குமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இயந்திரம் பதினெட்டுப் பேருக்கு ஒன்றுதான். பயிற்சிக்குப் பின் வாடகைக்குக் கேட்டபோது இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். தனியாளாகப் படித்துவிட்டு இயந்திரமும் இல்லாமல் வீட்டுக்கு வந்தால், கை இரண்டு மாதத்தில் மறந்துவிடும்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் இந்தப் பயிற்சிக்குப் போங்கள் என்றே சொல்வேன், ஏனென்றால் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்கும் அறிவை எனக்கு இத்தனை ஆண்டுத் தொழிலில் வேறு எவரும் தரவில்லை. பயிற்றுநர் பொறுமையானவர். பெண்ணென்று என்னிடம் இலகுவான வேலையைத் தள்ளிவிடாமல், இயந்திரப் பிடியை என் கையிலும் கொடுத்தார். கட்டட வேலையே பழகாதவர்களுக்கு இது கடினமாக இருக்கும், கரண்டி பிடித்தவர்களுக்குத்தான் முழுப் பயன் உண்டு. ஒரே ஊரிலிருந்து நான்கு ஐந்து பேராகச் சேர்ந்து போங்கள், இயந்திரத்தைச் சேர்ந்தே வாடகைக்கு எடுக்கலாம், கற்றது மறக்காது. மாரிக்காலத்தைத் தவிர்த்து, மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் நடக்கும் வகுப்பில் சேர்வது நல்லது. அப்போது மண் காய்ந்திருக்கும், கச்சானும் தொடங்கியிருக்காது. போகும்போது உங்கள் வளவில் மேல்மண்ணை முழங்கையளவு தோண்டி ஒதுக்கிவிட்டு, அடிமண்ணில் ஒரு பை எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள், நீங்களாகவே எடுத்து முதல்நாள் மேசையில் வையுங்கள்.