ஃபோர்டு 302-க்கு மெயின் கிர்டில்: கேப்பைப் பிடிக்கும், பிளாக்கைக் காக்காது

ஃபோர்டின் பழைய ஃபாக்ஸ் பாடி மஸ்டாங் காரின் 5.0 லிட்டர் என்ஜினில் (302 என்பதும் இதுதான், கன அங்குலக் கணக்கில்) டர்போ ஏற்றத் திட்டமிடுபவர்கள் பலரின் பட்டியலில் மெயின் கிர்டில் கட்டாயம் இருக்கும். கிராங்க் தண்டைப் பிளாக்கோடு (என்ஜினின் வார்ப்பு உடல்) பிடித்துவைக்கும் மூடிகளான மெயின் கேப்புகளை ஏணி போல ஒன்றோடொன்று இணைக்கும் தடித்த எஃகுத் தகடு, அதைப் பிடிக்க நீளமான ஸ்டட்கள் (தலையில்லாத மரைத் தண்டுகள்), நட், வாஷர். கிட் அவ்வளவுதான். "இதைப் போட்டால் பிளாக் பிளக்காது" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பி வாங்க வேண்டாம்.

302-இல் எது உடைகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். இது எடை குறைக்க மெல்லிய சுவரோடு வார்த்த பிளாக். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் இடங்கள் ஐந்து, கேப்புக்கு இரண்டே போல்ட், அதுவும் 7/16 அங்குலம். ஃபோர்டின் பெரிய என்ஜினான 351 வின்ட்சரில் இதே இடத்தில் 1/2 அங்குல போல்ட் இருக்கிறது. 500 குதிரைத்திறனைத் தாண்டினால் 302 பிளாக் கடன் வாங்கிய ஆயுளில் ஓடுகிறது என்பது கட்டுபவர்களிடையே பொதுவான கணக்கு. விரிசல் மெயின் வெப்பில் (கேப் உட்காரும் குறுக்குச் சுவர்) தொடங்கி, கேம் தண்டின் துளை வழியாக, மேலே லிஃப்டர்கள் இருக்கும் பள்ளம் வரை ஏறும். கேப் உடைவதில்லை, கேப் உட்காரும் வார்ப்புதான் பிளக்கிறது. கிர்டிலோ கேப்புகளைத்தான் கட்டுகிறது. பிளாக்கின் பக்கச் சுவர் கிராங்க் மையக்கோட்டோடு முடிந்துவிடுவதால், தகட்டைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த உலோகமே இல்லை.

அப்படியென்றால் பயனே இல்லையா? இருக்கிறது. அதிக ஆர்பிஎம்மில் கேப் பக்கவாட்டில் நகர்வதைக் குறைக்கும். பிரித்த என்ஜினில் கேப்பும் பிளாக்கும் சேரும் முகத்தில் தேய்ந்த பளபளப்போ கருமையோ தெரிந்தால் கேப் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்தப் பலனில் பெரும்பகுதியை நல்ல மெயின் ஸ்டட் மட்டுமே தந்துவிடும். ஏஆர்பி நிறுவனத்தின் ஸ்டட் செட் கிர்டில் கிட்டைவிட மலிவு, ஆயில் பேனோடும் சண்டை போடாது.

பொருத்தும் வேலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கேப்புகளின் மேல்முகங்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரே மட்டத்தில் வருவதில்லை. எல்லாவற்றையும் ஒரே தளத்தில் மில் செய்யாமல் தகட்டை இறுக்கினால், உயரமான கேப் முழுச் சுமையையும் வாங்கும், தாழ்ந்தது தொங்கும், மெயின் துளை கோணலாகும். ஸ்டட் துளைகளைத் த்ரெட் சேசரால் (மரையை வெட்டாமல் சுத்தம் செய்யும் கருவி) சுத்தம் செய்யுங்கள். வெட்டும் டேப் வேண்டாம், அது இருக்கும் மரையையும் தின்றுவிடும். ஸ்டட்டைக் கையால் உட்காரவைத்தால் போதும். நட்டுக்கும் வாஷருக்கும் கிட்டோடு வரும் லூப் (மசகு) பூசி, மூன்று கட்டமாக இறுக்க வேண்டும். பழைய போல்ட்டுக்கு ஃபோர்டு சொன்ன 60–70 அடி-பவுண்ட் இங்கே செல்லாது. கிட்டின் தாளில் உள்ள அளவே கணக்கு. அதிலும் என்ஜின் ஆயில் பூசுவதற்கென்று கொடுத்த டார்க் அளவை (இறுக்கும் விசை) லூபோடு பயன்படுத்தினால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

இறுக்கம் மாறினால் துளையின் வடிவமும் மாறும். அதனால் தகடு, ஸ்டட் எல்லாவற்றையும் முழு டார்க்கில் வைத்து போர் கேஜால் (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி) அளந்து, தேவையென்றால் அலைன் ஹோன் (மெயின் துளைகளை ஒரே நேர்க்கோட்டில் தேய்த்துச் சரிசெய்வது) செய்ய வேண்டும். இந்தச் செலவைக் கிட் விலையோடு கூட்டிப் பார்க்காதவர்கள்தான் பிறகு புலம்புவார்கள். 2.249 அங்குல ஜர்னலுக்கு (கிராங்க் பேரிங்கில் சுழலும் பகுதி) 0.0020 முதல் 0.0025 அங்குல பேரிங் இடைவெளி சரியாக இருக்கும். ஹோன் அதிகமானால் கிராங்க் கேம் பக்கம் ஏறும், டைமிங் செயின் தளரும். அதற்கென்றே சற்றுக் குறுகிய செயின் செட்கள் கிடைக்கின்றன.

347 ஸ்ட்ரோக்கர் (நீண்ட வீச்சுள்ள கிராங்க் போட்டு 347 கன அங்குலமாக்கிய 302) என்றால் கிராங்கைக் கையால் முழுச் சுற்று சுழற்றி, ராட் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் 0.060 அங்குலமாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் பிக்கப் தாங்கி, மஸ்டாங்கின் இரட்டைக் குழி பேன் இரண்டும் இடிக்கலாம். கேஸ்கெட் ஒட்டும் முன் வெறும் பேனை வைத்துப் பார்ப்பது நல்லது.

பிளாக்கைக் காக்க வேண்டுமென்றால் பணத்தை வேறு இடத்தில் போடுங்கள். முதலில் டியூன்: டெட்டனேஷன் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) ஒன்றே எந்தத் தகட்டையும் கேலி செய்துவிடும். அடுத்தது பேலன்ஸ். 5.0-இன் டேம்பரிலும் (கிராங்கின் முன்முனைச் சக்கரம்) ஃப்ளைவீலிலும் தொங்கும் 50 அவுன்ஸ் சமநிலைக் குறை, கிராங்கின் இரு முனைகளையும் வளைக்கிறது. 28 அவுன்ஸுக்கோ, முடிந்தால் உள் பேலன்ஸுக்கோ (எடையெல்லாம் கிராங்கிலேயே) மாறினால் மெயின்களுக்கு உடனடி நிம்மதி. அதற்கும் மேல் சக்தி வேண்டுமா, ஃபோர்டின் பாஸ் 302 பிளாக்கை வாங்குங்கள். நடு மூன்று மெயின்களில் நான்கு போல்ட், சுற்றிலும் கனமான வார்ப்பு. விலை அதிகம்தான். ஆனால் கிர்டில், மில்லிங், அலைன் ஹோன், பிளந்த பிளாக்குக்குப் பதில் இன்னொரு பழைய பிளாக் என்று கூட்டினால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை.

400 குதிரைத்திறனுக்குள் இருந்துகொண்டு 7,000 ஆர்பிஎம் சுற்றும், டர்போ இல்லாத சர்க்யூட் என்ஜினுக்கு மட்டும் இந்தக் கிட்டைப் பரிந்துரைக்கலாம், அதுவும் பிளாக் ஏற்கெனவே மெஷின் ஷாப்பில் இருந்தால். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம்.