மாட்டுக்கொட்டகையில் இஎஸ்பி32-கேம்: இரண்டு வருடம் கழித்து

கொட்டகைக்கு இஎஸ்பி32-கேம் என்ற வைஃபை உள்ள குட்டிக் கேமரா போர்டை வைக்கலாமா என்று நண்பர் கேட்டார். போன வாரம்தான் எங்களுடையதை ரிப்பேர் பார்த்தேன், அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

ரிப்பேர் பெரிதாக ஒன்றுமில்லை. அடிக்கடி தானாக அணைந்து எழுந்துகொண்டிருந்தது. சார்ஜரிலிருந்து இழுத்திருந்த நீளமான மெல்லிய ஒயர்தான் காரணம். வைஃபை அனுப்பும்போது கரண்ட் சட்டென்று ஏறும், 5 வோல்ட் ஒயரிலேயே இறங்கிவிடும். தடித்த ஒயராகக் குட்டையாகப் போட்டதும் சரியாகிவிட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆப் வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். பிரவுசரில் 192.168 என்று ஆரம்பிக்கும் முகவரியை அடித்தால் மாடு தெரியும். வருவது உண்மையில் வீடியோகூட இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக ஜேபெக் படங்கள். அதனால்தான் அம்மாவின் பழைய போனில்கூடத் திறக்கிறது, ஊரில் இன்டர்நெட் போனாலும் வீட்டு ரவுட்டர் ஓடினால் போதும். 640×480 வைத்தால் அசை போடுவதுவரை தெரியும். இரவுக்குக் கொட்டகையில் ஒரு பல்பு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். போர்டில் நிரல் ஏற்றும் ஆர்டுயினோ மென்பொருளோடு வரும் எடுத்துக்காட்டு நிரலில் படம் 81-ஆம் போர்ட் என்ற தனி வழியில் போகிறது, முதலில் திறந்தவருக்கு அனுப்பி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும், நேரலைக்கு முடிவு ஏது? இரண்டாவது ஆளுக்குப் பக்கம் வரும், பொத்தான்கள் வரும், படம் மட்டும் வராது, காரணமும் சொல்லாது.

எங்கள் செவலைப் பசு கன்று போட்ட இரவில் இது தெரியாமல், கேமரா செத்துவிட்டது என்று நினைத்து சுவிட்சை அணைத்துப் போட்டேன். உள்ளறையில் அம்மா அதே நேரம் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்குடம் உடைந்து ஒரு குளம்பு வெளியே வந்ததைப் பார்த்த நொடியில் அவர் போனில் படம் நின்றுவிட்டது. மழையில் இருவரும் ஓடினோம். இன்னொரு கால் உள்ளே மடங்கியிருந்தது, அம்மா கையை உள்ளே விட்டுச் சரிசெய்தார். கன்று பிழைத்தது. அந்தப் பொத்தான்களை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் கோ2ஆர்டிசி என்ற மென்பொருளைப் போட்டு நடுவில் வைத்தால் அது ஒரு படத்தை வாங்கிப் பலருக்குக் கொடுக்கும். சரி, ஆனால் அந்தக் கணினியின் விலை கேமராவைவிடப் பல மடங்கு.

இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட இதைக் கழற்ற நினைத்ததில்லை. இருந்தாலும் நண்பரே, வீட்டில் இரண்டு பேர் பார்ப்பீர்கள் என்றால் வாங்காதீர்கள்.