எஞ்சினா, பேனலா? ரயில்வேக்கு எழுதும் காரைக்குடிப் பிள்ளைகளுக்கு

காரைக்குடிப் பக்கம் படித்து முடித்த பையன் இருக்கும் வீட்டில் ரயில்வே பேச்சு வந்தால் முதலில் சம்பளத்தைத்தான் எடுப்பார்கள். ஏழாவது ஊதியக் குழுவின்படி, பேனலில், அதாவது பாதையையும் சிக்னலையும் இயக்கும் பலகையில், உட்காரும் ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். எஞ்சின் டிரைவருக்கு உதவியாக ஏறும் உதவி லோகோ பைலட்டுக்கு, அதாவது ஏ.எல்.பி.க்கு, 19,900. மாஸ்டர் வேலைக்கே எழுதுடா என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிடுவார். அது பாதிக் கணக்கு. எஞ்சினில் ஏறுபவருக்கு ஓடிய கிலோமீட்டருக்குத் தனிப் படி உண்டு. பின்னால் கூட்ஸ் லோகோ பைலட், அதாவது சரக்கு ரயில் டிரைவர், ஆனதும் ஊதிய நிலையும் மாஸ்டருடையதற்குச் சமமாகிவிடும்.

படிப்பு விஷயம் சுருக்கமானது. ஏ.எல்.பி.க்கு ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ போதும். மாஸ்டருக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். இரண்டுக்குமே கணினியில் மனத்திறன் தேர்வு உண்டு.

கண்தான் பெரிய வடிகட்டி. ஏ.எல்.பி.க்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6, அதாவது குறையில்லாத தூரப் பார்வை, இருக்க வேண்டும். லேசர் அறுவை செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களையும் எடுப்பதில்லை. மாஸ்டருக்கு 6/9 வரை விடுவார்கள். நிறப் பார்வை இருவருக்குமே கட்டாயம்.

சரி, வேலை எப்படி? டிரைவர் வேலைக்கு வந்து லாபியில், அதாவது வருகை பதியும் அறையில், கையெழுத்துப் போடும்போதே, குடித்திருக்கிறாரா என்று பார்க்க மூச்சுச் சோதனை. அப்புறம் எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்று சொல்லும் காஷன் ஆர்டரை வாங்கிப் படிக்க வேண்டும். வழியில் ஒவ்வொரு சிக்னலையும் அவரும் உதவியாளரும் மாறி மாறிச் சத்தமாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு நிமிடம் எந்தக் கருவியையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும், மணி அடிக்கும், கடைசியில் பிரேக் தானாகவே விழும். ஆனால் 100 கி.மீ. வேகத்தில் தண்டவாளத்தில் மாடு நிற்பதைப் பார்த்தால் அந்தப் பிரேக்கும் உதவாது; வண்டி நிற்கக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆகும். மாட்டுக்குப் பதில் ஆள் நின்றாலும் அதே கதைதான். அதைப் பார்த்துவிட்டு வண்டியை மேலே ஓட்ட வேண்டும். சம்பளப் பட்டியலில் இதற்கென்று ஒரு வரி கிடையாது.

மாஸ்டர் இதை நேரில் பார்ப்பது குறைவு. அவருடைய பாரம் வேறு. திருச்சி, மானாமதுரை, திருவாரூர் என்று மூன்று பாதை கூடும் காரைக்குடி மாதிரி சந்திப்பில், அடுத்த நிலையத்தில் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, வாங்கி, பாதை சரியாக அமைந்த பிறகே சிக்னல் கொடுக்க வேண்டும். ராமேஸ்வரம் ரயில்கள் நடுராத்திரியில் கடக்கும், பல்லவன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கிளம்பும். தூக்கம் இவருக்கும் கெடத்தான் செய்யும். ஆனால் எந்த ராத்திரி என்பது முன்கூட்டியே தெரியும். டிரைவருக்கு, குறிப்பாகக் கூட்ஸ் ஓட்டும் காலத்தில், அதுவும் தெரியாது. கூப்பிட்டால் போக வேண்டும். திரும்பும் வண்டி கிடைக்கும்வரை வெளியூரில் டிரைவர்களுக்கான ஓய்வறையான ரன்னிங் ரூமில் படுக்க வேண்டும்.

இந்தப் பக்கத்து வேலையில் ஊருக்கே உரிய சிரமங்களும் உண்டு. திருவாரூர்ப் பாதை அகலப்பாதையாகி 2019-ல் ரயில் ஓடத் தொடங்கியபோது கேட் கீப்பர்கள் போதவில்லை. ரயிலிலேயே வந்த ஆட்கள் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடித் திறந்தார்கள். அதுவரை டிரைவர் நிறுத்திக் காத்திருக்க வேண்டியிருந்தது.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். பட்டம் இருந்து, சாந்தி (அறுபதாம் கல்யாணம்), கல்யாணம் எதுவும் தவறக் கூடாது என்று நினைக்கும் பிள்ளைக்கு மாஸ்டர் வேலை. டிப்ளமோவோடு சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும், ராத்திரி விழிப்புக்கு உடம்பு தாங்கும் என்றால் ஏ.எல்.பி. எதற்கானாலும் கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் கண் டாக்டரைப் பாருங்கள். நிறப் பார்வையையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.