லெ லோக்லா, பியனா, லடிங்டனா? ஸ்பீட்மாஸ்டர் கேஸின் பிறப்பிடம்

ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம் என்றதும் பேச்சு நேராக அதன் உள்பொறியான 321 மூவ்மென்ட்டுக்குப் போய்விடும். அது சுவிட்சர்லாந்தின் வள்ளே டி ஜூ பகுதியில் லெமானியா நிறுவனம் தந்த பொறி என்பது சேகரிப்பாளர்கள் எல்லாருக்கும் தெரியும். அதைச் சுமந்து நிலவுக்குப் போன எஃகுக் கேஸ், அதாவது வெளிக்கூடு, எந்த ஊரில் உருவானது என்று கேட்டால் பலரும் தயங்குவார்கள். ஆனால் பழைய ஸ்பீட்மாஸ்டர் வாங்குபவர் ஏமாறுவது பெரும்பாலும் கேஸில்தான். மூவ்மென்ட்டில் எண் இருக்கிறது. அந்தக் காலத்துக் கேஸில் தனி எண் கிடையாது.

முதலில் சுவிஸ் போட்டியாளர்கள் இருவர். ஒன்று, நொஷாத்தெல் மாநிலத்தின் லெ லோக்ல் ஊரில் இருந்த யூகனன் ஃப்ரேர் (Huguenin Frères). பதக்கங்கள் அடிப்பதிலும் பெயர் பெற்ற பழைய நிறுவனம். இன்னொன்று, ஒமேகாவின் சொந்த ஊரான பியனில் இருந்த சென்ட்ரல் புவாத் (Centrale Boîtes). சேகரிப்பாளர்கள் இவற்றை ஹெச்எஃப், சிபி என்று சுருக்கிச் சொல்வார்கள். இரண்டும் நேருக்கு நேர் மோதும் இடம் 105.012-66 என்ற மாடல். ஒரே எண், ஒரே ஆண்டுக் குறி, உள்ளே ஒரே 321; கேஸ் மட்டும் இரு பட்டறைகளிலிருந்து வந்தது.

1965 ஜூனில் அமெரிக்க விண்வெளி வீரர் எட்வர்ட் வைட் விண்வெளியில் மிதந்தபோது கட்டியிருந்தது 105.003 மாடல். அதன் லக்குகள் (வாரைப் பிடிக்கும் கொம்புகள்) நேரானவை, கேஸ் இருபுறமும் சமம். 105.012-இல்தான் வலப்பக்கம் புடைத்து, சாவி கொடுக்கும் கிரவுனையும் பட்டன்களையும் அணைத்துக் காக்கும் வடிவம் வந்தது. லக்குகளும் முறுக்கி வளைந்தன. டயலில் 'புரொஃபெஷனல்' என்ற சொல் ஏறியதும் இதோடுதான். ஹெச்எஃப், சிபி வேறுபாடு தெரிவது இந்த முறுக்கிய லக்கில்.

ஹெச்எஃப் கேஸில், மேலே பளபளக்கும் வளைந்த பட்டை பக்கவாட்டு மங்கல் பரப்பை ஒரே கோட்டில் சந்திக்கும். கோடு லக் நுனிவரை அறுபடாமல் ஓடும். சிபி கேஸில் லக்கின் ஓரத்தில் கூடுதலாக ஒரு மெல்லிய சரிவு உண்டு. கடிகாரத்தை மேலிருந்து பார்த்து, ஒரு பக்க விளக்கொளியில் மெதுவாகச் சாய்த்தால் ஹெச்எஃப் லக்கில் ஒரு மின்னல், சிபி லக்கில் இரண்டு. பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் போதும். டயல் முகத்துக்கு நேராக வெளிச்சம் அடித்தால் எதுவும் தெரியாது.

இரண்டில் எது மேல்? வேலைப்பாட்டில் எனக்குச் சிபி பிடிக்கும். அந்தக் கூடுதல் சரிவு லக்கை ஒல்லியாகவும் கூர்மையாகவும் காட்டுகிறது. ஆனால் வாங்குவதென்றால் கூர் மழுங்காத ஹெச்எஃப்பையே எடுப்பேன். காரணம் பாலிஷ். துணிச் சக்கரத்தில் இரண்டு முறை அழுத்திப் பிடித்தால் போதும், சிபியின் மெல்லிய சரிவு முதலில் கரைந்துவிடும். பிறகு அது ஹெச்எஃப் போலவே தெரியும், ஆனால் கோடு கலங்கி, லக் நுனி உருண்டு, நான்கு லக்குகளும் நான்கு அகலத்தில் நிற்கும். அதைச் சிபி விலைக்கு வாங்குவதில் பொருளே இல்லை. லேசர் வெல்டிங்கில் எஃகு சேர்த்து, தட்டையான சக்கரத்தில் புதுச் சரிவு வெட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். அதனால் நான்கு லக்குகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். வெர்னியர் அளவுகோலில் லக்குகளின் இடைவெளி 20 மி.மீ. இருக்க வேண்டும், கேஸ் விட்டம் கிரவுனை விட்டுவிட்டு ஏறத்தாழ 42 மி.மீ.

பின்மூடியின் உட்புற முத்திரையைப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மூடி மரையில் திருகிக் கழற்றுவது. அரை நூற்றாண்டில் எத்தனை மேசைகளில் எத்தனை மூடிகள் கலந்தன என்று யாருக்குத் தெரியும்? மூடி தரும் தகவலை லக் உறுதிப்படுத்த வேண்டும். மூடியில் சிபி, லக்கில் ஒற்றைக் கோடு என்றால் கேஸ் தேய்ந்திருக்கிறது, அல்லது மூடி வேறு கடிகாரத்துடையது. வெளிப்புறத்தில் நிலவில் அணிந்த முதல் கடிகாரம் என்ற வாசகம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: 1966-இல் அந்த வாசகத்தைப் பொறித்திருக்க முடியாது.

ஒமேகாவின் ஆவணச் சான்றையும் இதே எச்சரிக்கையோடு படியுங்கள். அது மூவ்மென்ட் எண்ணை வைத்துத் தேடி எடுப்பது. அந்த மூவ்மென்ட் எந்த மாடலாக, எப்போது வெளியேறியது என்று சொல்லும். இப்போது அதைச் சுற்றியிருக்கும் எஃகைப் பற்றி அது உறுதி தராது.

மூன்றாவது போட்டியாளர் சுவிஸ் அல்ல, அமெரிக்கா. மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள லடிங்டனில் இருந்த ஸ்டார் வாட்ச் கேஸ் கம்பெனி. அரசு வாங்கும் பொருளில் உள்நாட்டுப் பங்குக்கு முன்னுரிமை தரும் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடிகார நிறுவனமான புலோவா நாசா ஒப்பந்தத்துக்குப் போட்டியிட்டது. அதற்குப் பதிலடியாக ஒமேகா, நாசாவுக்கான ஸ்பீட்மாஸ்டர் கேஸ்களை லடிங்டனில் செய்வித்தது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் இருந்த ஹாமில்டன் கடிகார நிறுவனத்தையும் இந்த வேலையில் சேர்த்துக்கொண்டது.

சேகரிப்பில் இந்த லடிங்டன் கேஸை ஹெச்எஃப், சிபியோடு ஒரே தராசில் வைக்கவே கூடாது. அந்த இரண்டும் கடையில் விற்ற கடிகாரங்கள். தேடினால் கிடைக்கும், கண்ணால் பிரித்தறியலாம். லடிங்டன் கேஸ் ஒரு அரசு ஒப்பந்தத்துக்காகப் பிறந்தது. நாசாவிடமிருந்து கை மாறிய தாள் தொடர்ச்சி இல்லாமல் யாராவது 'அமெரிக்கக் கேஸ்' என்று விற்றால், சாதாரண 145.022 ஸ்பீட்மாஸ்டருக்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

விற்பவரிடம் ஐந்து படங்கள் கேளுங்கள்: பின்மூடியின் உட்புறம், மூவ்மென்ட் எண், மேலிருந்து நான்கு லக்குகள், கிரவுன் பக்கம், அதற்கு எதிர்ப்பக்கம். மூடிக்கும் மூவ்மென்ட்டுக்கும் நடுவே காந்தத்தைத் தடுக்கும் மெல்லிய இரும்புத் தட்டு ஒன்று இருக்கும். எண் தெரிய அதையும் எடுக்க வேண்டும். மூடியைச் சரியான சாவியால் திறக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் மூடியின் வெட்டுகள் சிதையும், பக்கத்துக் கேஸ் விளிம்பில் கீறல் விழும். மூடும்போது ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடட்டும். பழையது இறுகி வெடித்திருந்தால் வியர்வை உள்ளே இறங்கி மரை துருப்பிடிக்கும்.