பக்கா, ஸ்பிட்ஸா, டாக்ஸ்ஹண்டா?

அடுக்குமாடி வீட்டுக்குச் சின்ன நாய் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வந்து நிற்கிறார்கள். அதிலும் பக் மீது நம் ஊரில் தனி மோகம் உண்டு. 2003-இல் ஹட்ச் என்ற செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய நாய் செய்த வேலை அது. இனம் மிகப் பழையது. சீன அரண்மனைகளில் செல்லமாக வளர்ந்து, 16-ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்களுடன் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது.

குணத்தில் பக்கை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. வேட்டைக்கோ காவலுக்கோ வளர்க்கப்பட்ட நாய் அல்ல; மனிதருக்குத் துணையாக இருப்பதுதான் அதன் பிழைப்பு. எடை ஆறு முதல் எட்டு கிலோ. கட்டுமஸ்தான உடம்பு என்பதால் குழந்தைகள் கட்டிப் புரண்டாலும் தாங்கும், அநாவசியமாகக் குரைக்காது. ஸ்பிட்ஸ் அப்படியல்ல. மாடிப்படியில் காலடி கேட்டாலே குரைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். (கடைகளில் பொமரேனியன் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்த இந்திய ஸ்பிட்ஸ்தான்.) டாக்ஸ்ஹண்ட் ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாட உருவான இனம், பிடிவாதம் அதிகம்.

ஆனால் வெயில் என்று வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. நாய் உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அழகுக்காகப் பக்கின் முகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கியபோது எலும்பு சுருங்கியது, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. வாயின் மேற்புறத்தில் பின்பக்கமாக இருக்கும் மென்மையான சதையான மென்னண்ணம் நீண்டு தொண்டையை அடைக்கிறது. பலரும் ரசிக்கிற அந்தக் குறட்டை, உண்மையில் மூச்சுக்குப் படும் பாடு. சித்திரை மதியத்தில் பக்கை வெளியே நடத்திச் செல்வது உயிருக்கே ஆபத்து. ஸ்பிட்ஸுக்கு ரோமம் அடர்த்திதான். ஆனாலும் மூக்கு நீளமாக இருப்பதால் மூச்சுக்குத் திண்டாடுவதில்லை. நம் நாட்டில் பல தலைமுறைகளாக வாழ்ந்து பழகிய இனமும்கூட. டாக்ஸ்ஹண்டும் வெயிலைச் சமாளித்துக்கொள்ளும். அதன் சிக்கல் முதுகு: சோபாவிலிருந்து குதித்துக் குதித்தே முதுகுத்தண்டு வட்டு விலகிப் பின்னங்கால்கள் செயலிழக்கலாம்.

பராமரிப்பில் பக்குக்கு ரோமம் குட்டை என்றாலும் ஆண்டு முழுவதும் கொட்டும். மூக்குக்கு மேலுள்ள மடிப்பைத் தினமும் ஈரப் பஞ்சால் துடைத்து, உலர்த்தவும் வேண்டும். விட்டால் புண்ணாகி நாற்றமடிக்கும். பிதுங்கிய கண்ணில் சின்னக் கீறல்கூடப் புண்ணாகிவிடும். ஸ்பிட்ஸுக்குச் சீப்பும் பொறுமையும் போதும்.

2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்த வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட வெளிநாட்டு இனங்களில் பக்கும் இருந்தது. அந்தக் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஏசி இல்லாத வீடு, பகலில் ஆளில்லாத வீடு என்றால் பக் வேண்டாம், ஸ்பிட்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

பக்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் குட்டியின் நாசித் துவாரங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். வட்டமாகத் திறந்திருக்க வேண்டும். கத்தியால் கீறியது போல் வெறும் கோடாக இருந்தால் வாங்காதீர்கள். தாய் நாயைச் சற்று நடக்கவிடச் சொல்லுங்கள். நின்ற பிறகும் அதன் மூச்சில் கரகரப்பு அடங்கவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டையை அன்றே வாங்கிவிடுங்கள்.