பேனல் வீடு: சுவரில் குறையில்லை, இடுக்கில்தான் வம்பு

என் ப்ரீகாஸ்ட் வீட்டின் (சுவர்களைக் கான்கிரீட் பேனலாக முன்பே வார்த்து வந்து பொருத்திய வீடு) மேற்குச் சுவரில், பேனல்கள் சந்திக்கும் ஜாயிண்ட் அடைப்பு முழுவதையும் கிழித்தெடுத்துப் புதிதாக அடைத்து முடித்த சூட்டோடு எழுதுவதால், கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். தேவகோட்டையில் வீடு கட்டப்போகும் நண்பர் ‘ப்ரீகாஸ்ட் போடலாமா’ என்று கேட்டிருந்தார். ஆலையில் வார்ப்பது, ட்ரெய்லரில் வருவது, கிரேன் வைத்து நிறுத்துவது எல்லாம் அவருக்கே தெரியும். கம்பெனிக்காரர்கள் சொல்லாததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 150 மி.மீ. பேனலில் ரசமட்டம் வைத்தால் குமிழ் நடுவில் நிற்கும். உள்ளே சிமென்ட் பூச்சே கிடையாது, மெல்லிய பட்டி பார்த்து நேராக பெயின்ட்தான். பூச்சு இல்லாததால் பூச்சு வெடிப்பும் இல்லை. செங்கல் சுவரில் அடியிலிருந்து ஏறும் ஓதமும் உப்புப் பூத்தலும் இங்கே எட்டிப் பார்க்கவில்லை. மூலைகள் சரியான செங்கோணத்தில் இருப்பதால் ஆத்தங்குடித் தரைக்கல் பதித்தவர் ஓரத்துக்கு ஒரு கல்லைக்கூடக் கோணலாக வெட்டவில்லை. இந்தப் பக்கத்தில் கல் பதிக்கும் யாரையும் கேளுங்கள், அது எவ்வளவு அபூர்வம் என்று சொல்வார்கள்.

இனி இடுக்கு. இரண்டு பேனல் சந்திக்கும் இடத்தில் 20 மி.மீ. இடைவெளி விடுவார்கள். அதன் உள்பக்கத்தில் இரு பேனலிலிருந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வளையங்களுக்கு நடுவே ஒரு கம்பியைச் செங்குத்தாகச் செருகி, சுருங்காத கிரவுட் (தளர்வான சிமென்ட் கலவை) ஊற்றுகிறார்கள். வீட்டைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அந்த வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வெளிப்பக்கம் மழையைத் தடுப்பது வெறும் 10 மி.மீ. கனமுள்ள ரப்பர் பட்டை. சீலன்ட் என்று பெயர், பசையாகப் பீய்ச்சினால் ரப்பராக இறுகும். வீட்டை விற்கும்போது அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்குக் கட்டடத்துக்கு நீண்ட உத்தரவாதம் தந்தவர்கள் சீலன்ட்டுக்கு ஒரு வருடம்தான் தந்தார்கள். அந்த ஒரு வரியிலேயே விஷயம் இருக்கிறது.

கணக்கு எளிது. நான்கு மீட்டர் நீளக் கான்கிரீட், வெப்பம் 30 டிகிரி மாறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீண்டு சுருங்கும். மேற்கு வெயில் படும் சுவரில், நம் ஊர்ச் சித்திரை வைகாசியில், இது அன்றாடம் நடக்கும். 20 மி.மீ. இடுக்கில் நல்ல பாலியூரித்தேன் சீலன்ட் இருந்தால் இந்த ஆட்டம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பேனல் நிறுத்தும்போது ஒவ்வொன்றிலும் சேரும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிசகு கடைசி ஜாயிண்டில் வந்து மொத்தமாக விழும். ஒரு இடுக்கு எட்டு மில்லிமீட்டராக நெரிந்து நிற்கும், அடுத்தது முப்பதாக வாய் பிளக்கும். எட்டு மில்லிமீட்டர் இடுக்கில் அதே ஆட்டம் நூற்றுக்குப் பதினைந்து ஆகிவிடுகிறது. அங்கே விலை மலிவான அக்ரிலிக் சீலன்ட்டைப் பீய்ச்சினால் எத்தனை கோடை தாங்கும்?

இன்னொரு திருட்டு பேக்கர் ராடில். இடுக்குக்குள் முதலில் நுரைக்கயிறு ஒன்றைத் திணிக்க வேண்டும். 20 மி.மீ. இடுக்குக்கு 25 மி.மீ. கயிறு. சீலன்ட் இரண்டு பக்கக் கான்கிரீட்டில் மட்டும் ஒட்ட வேண்டும், பின்னால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இழுபடும்போது நீள வழியில்லாமல் கிழியும். நான் கிழித்தெடுத்த இடுக்குகள் சிலவற்றில் கயிறே இல்லை. சிமென்ட் பைத் துண்டைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள்.

கிழிந்த இடத்தில் தண்ணீர் தெரியாது என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். மேற்கே கருத்து, சாய்ந்தடிக்கும் சாயங்கால மழையில் தண்ணீர் மேல் இடுக்கில் நுழைந்து, பேனலுக்குள்ளேயே வார்த்த வயர் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஹால் ஸ்விட்ச் பெட்டியின் அடித் திருகிலிருந்து சொட்டியது. எலக்ட்ரீஷியன் பிளம்பரைக் காட்டினார், பிளம்பர் மொட்டைமாடியைக் காட்டினார். இப்படி வந்தால் முதலில் மெயினை இறக்குங்கள். பிறகு ஹோஸ் வைத்துப் பாருங்கள். கீழ் ஜாயிண்டில் தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் அடித்து, படிப்படியாக மேலே போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் தண்ணீர் எல்லா இடுக்கையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. உள்ளே இறங்கும் ஈரம் வளையக் கம்பியையும் தொடும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. துரு ஆராய்ச்சிக்கே பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் காரைக்குடியில் இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரிசெய்யும் முறை: கத்தியால் இருபக்கமும் அறுத்துப் பழையதை உருவி, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓரங்களைச் சுத்தமாக்கி, புளோயரால் தூசியை ஊத வேண்டும். இரு ஓரமும் டேப், பிறகு பிரைமர். கயிற்றை மழுங்கின கட்டையால் அழுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் நுரை ஓட்டையாகிச் சீலன்ட்டில் குமிழ் கிளம்பும். 600 மி.லி. சீலன்ட் பை ஒன்று, 20 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனத்தில், சரியாக மூன்று மீட்டர் வரும், அதாவது ஒரு மாடி உயர ஜாயிண்டுக்கு ஒன்று. இதைவிடக் குறைவாக வாங்கி வந்தால் எங்கோ கனம் குறைகிறது என்று அர்த்தம். பனி ஈரம் காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் பேனல் நீண்டு இடுக்கு நெரிந்திருக்கும், அப்போது அடைத்தால் ராத்திரி முழுக்க இழுபடும். சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் நிற்காது.

இதையெல்லாம் செய்ய ஆள் எங்கே? காரைக்குடியில் சுண்ணாம்புப் பூச்சுக்கு இன்றைக்கும் கைதேர்ந்த கொத்தனார் கிடைப்பார். ஜாயிண்டுக்கு வெளியூரிலிருந்துதான் ஆள் வர வேண்டும், சாரமும் அவர்கள் சொல்லும் வாடகைக்கு. வீட்டு நிறுவனங்கள் இந்த முறைக்கு மாறியது சென்ட்ரிங்குக்கும் பூச்சுக்கும் ஆள் கிடைக்காததால்தான். அந்தத் தட்டுப்பாட்டைத் தங்கள் தலையிலிருந்து இறக்கி, பராமரிப்பு என்று நம் தலையில் வைத்துவிட்டார்கள்.

சின்னச் சின்னது சில. ஊஞ்சல் கொக்கி, பூஜை மாடம், ஏ.சி. துளை எல்லாம் வார்ப்பதற்கு முன்பே வரைபடத்தில் ஏற வேண்டும். பிறகு சுவரை வெட்டி வயர் புதைக்க முடியாது, கம்பி மேல்தோலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே கிடக்கிறது. பழைய வீடு பிரித்த பர்மாத் தேக்கு நிலை வாங்கி வைத்திருந்தால் அதை அளந்த பிறகே வாசல் அளவைக் கொடுங்கள். எட்டு அங்குல நிலை ஆறு அங்குலச் சுவரில் துருத்திக்கொண்டுதான் நிற்கும். மேற்குச் சுவர் ராத்திரி வரை அனல் விடும். நடுவில் தெர்மோகோல் வைத்த சாண்ட்விச் பேனல் அந்தப் பக்கத்துக்காவது கேளுங்கள்.

சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை ப்ரீகாஸ்ட் தூண், உத்தரங்களை வைத்து எழுப்பினார்கள், 2022இல் திறந்தார்கள். ஒரே அச்சில் அத்தனை வீடு வார்த்தால் அச்சின் விலை கரைந்துவிடும். ஒற்றை வீட்டுக்கு அச்சும் கிரேன் வாடகையும் உங்கள் ஒருவர் தலையில்தான். நான்குக்கு மூன்று மீட்டர் பேனல் ஒன்றே நாலரை டன். அதை நிமிர்த்தி ஏற்றி வரும் ட்ரெய்லர் உங்கள் தெருமுனையில் திரும்புமா, மின்கம்பி உயரம் இடம் கொடுக்குமா என்று நடந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நேர்ச் சுவரைப் புகழ்ந்த அதே கையால் எழுதுகிறேன்: தனி வீடு என்றால் செங்கல்லே கட்டுங்கள். இல்லை, பேனல்தான் என்று பிடிவாதமாக இருந்தால், கடைசித் தவணையை ஹோஸ் சோதனை முடியும்வரை பிடித்துவையுங்கள். சீலன்ட்டின் வகை, இடுக்கின் அகலம், கயிற்றின் அளவு மூன்றையும் ஒப்பந்தத்தில் எண்ணாலேயே எழுதச் சொல்லுங்கள். சீலன்ட் காலிப் பைகளை எண்ணாமல் குப்பையில் போட விடாதீர்கள்.