எண்ணிப் பார்ப்பதா, எடுத்து வாசிப்பதா?

புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தி.வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரத்தின் முதல் தொகுதியை 1984இல் வெளியிட்டது. 'ஆய்வுத்துணை' என்ற மூன்றாம் தொகுதி வெளிவந்தபோது ஆண்டு 1991. பாடம் பார்த்து, பண் பார்த்து, சொல் சொல்லாக நகர்ந்த வேலை. அதை இன்றைய பதவி உயர்வுப் படிவத்தில் எழுதச் சொன்னால் எந்தக் கட்டத்தில் எழுதுவது? பல்கலைக்கழக ஆய்வை மதிப்பிட மூன்று வழிகள் நம்முன் இருக்கின்றன. அவற்றை உரசிப் பார்க்க இந்த ஊரைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

முதல் வழி எண்ணுவது. ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள், அது எந்த ஆய்விதழில் வந்தது என்பதே கணக்கு. இதை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். சிபாரிசுக்கு ஆளில்லாத, குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வந்த இளைஞருக்கு எண் ஒரு கேடயம். யாருடைய மாணவர் என்று எண் கேட்பதில்லை.

ஆனால் அதன் உள்ளமைப்பைப் பாருங்கள். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-இண்டெக்ஸ் ஓர் ஆய்வாளருக்கு 10 என்றால், அவருக்குக் குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து இருக்கின்றன என்று பொருள். வாழ்நாள் முழுதும் ஒரே பெரிய நூலை எழுதியவருக்கு, அதை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் எச்-இண்டெக்ஸ் 1தான். ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரோ, ஆய்விதழ்களை ஒப்பிடப் பிறந்த அளவுகோல். அதைக் கொண்டு ஆளை அளப்பது, துணி அளக்கும் கோலால் பால் அளப்பது போன்றது.

கடலூர் மாவட்டத்தில் இன்னும் தெளிவான சான்று உண்டு. 2004 சுனாமிக்குப் பின், பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடுகள் சேதத்தைக் குறைத்தன என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு சிலர் அதே தரவை மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்து தூரத்தையும் தரையின் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால் காட்டின் பங்கு மிகச் சிறியது என்று மறுத்தார்கள். மறுத்தவரின் மேற்கோளும் முதல் கட்டுரையின் கணக்கில்தான் ஏறும். பாராட்டுக்கும் மறுப்புக்கும் ஒரே மதிப்பெண்! காடு காத்ததா இல்லையா என்று அறிய இரண்டு கட்டுரைகளையும் உட்கார்ந்து வாசிக்காமல் வேறு வழியில்லை. பிச்சாவரத்தை நம்பி வாழ்பவர்களுக்கு அந்த விடைதான் வேண்டும், எண் அல்ல.

அந்த வாசிப்பே இரண்டாவது வழி: துறை அறிந்தவர்கள் படித்துத் தீர்ப்புச் சொல்வது. ஆய்வை எப்படி மதிப்பிடுவது என்பது பற்றி 2012இல் உருவான சான்பிரான்சிஸ்கோ பிரகடனமும் ஆய்விதழின் எண்ணை விட்டு ஆய்வின் உள்ளடக்கத்தைப் பார்க்கச் சொல்கிறது. தமிழில் எழுதும் ஆய்வாளருக்கு நியாயம் கிடைக்கக்கூடிய வழி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தமிழ் இதழ்களில் பெரும்பாலானவை பன்னாட்டு மேற்கோள் தளங்களில் இல்லை. இதன் நோயும் நமக்குத் தெரிந்ததே. துறை சிறியது. மதிப்பிடுபவர் வழிகாட்டியின் நண்பராகவோ பகைவராகவோ இருப்பார். காலமும் பிடிக்கும்.

மூன்றாவது, சமூகப் பயனை அளப்பது. பிரிட்டன் தன் பல்கலைக்கழக ஆய்வுகளின் 2014 மதிப்பீட்டில் இதற்கு 20 சதவீதம் ஒதுக்கி, 2021இல் 25 ஆக உயர்த்தியது. கொசுவழி நோய்களை ஆராயும் புதுச்சேரி மையத்துக்கு இது பொருந்தும். சுவடிக்கு? 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சேர்த்த சைவச் சுவடிகள் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியது 2005இல். எந்த மதிப்பீட்டுக் குழு ஐம்பது ஆண்டு காத்திருக்கும்?

நூலகம் எந்த இதழை வாங்கலாம் என்று பார்க்க எண் போதும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் அறையில் நான் வாசிப்பின் பக்கமே நிற்பேன், இரண்டு நிபந்தனைகளோடு. விண்ணப்பதாரர் தம் படைப்புகளில் சிறந்தவை எனக் கருதும் மூன்றை மட்டும் கொடுக்கட்டும். வழிகாட்டியோடு தொடர்பில்லாத, வேறு மாநிலத்தவர் ஒருவரேனும் உள்ள குழு அவற்றைப் படித்து, காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு, அதை விண்ணப்பதாரரிடமே தரட்டும்.